ஐயாயிரம் யூரோ கார் - பகுதி 4: மற்றதெல்லாம் பேசிக்கொள்ளலாம்

1999 ஜூலை 2. கையெழுத்து ஆகிவிட்டது. ருமேனியாவின் டாச்சியா கார் கம்பெனியில் 51 சதவீதம் பிரான்ஸின் ரெனோ கைக்கு வந்துவிட்டது. விலை சுமார் 5 கோடி டாலர். அடுத்த ஐந்து ஆண்டில் இன்னும் 22 கோடி டாலர் போடுகிறோம் என்று தனியாக ஒரு வாக்குறுதி.

முப்பது வருடமாக ஒரே காரைத் திருப்பித் திருப்பிச் செய்துகொண்டிருக்கும் ஒரு தொழிற்சாலையை எந்த முதலாளியாவது காசு கொடுத்து வாங்குவாரா? இந்தக் கேள்வியோடுதான் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

வாங்கியவர் லூயி ஷ்வைட்சர், ரெனோவின் தலைவர். இவர் பொறியாளர் கிடையாது. பிரான்ஸின் அரசு நிர்வாகப் பள்ளியில் படித்து, நிதித்துறையில் வேலை பார்த்து, பிரதமராக இருந்த லோரான் ஃபாபியுஸின் அலுவலகத்தை நடத்தியவர். ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவமனை கட்டி நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் ஷ்வைட்சர் இவருடைய தாத்தாவின் உடன்பிறந்தவர். ஆனால் 1997 பிப்ரவரியில் பெல்ஜியத்தின் வில்வோர்டே ஆலையை மூடப்போவதாக அறிவித்து 3,100 பேரின் வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது, அந்த ஊரில் யாருக்கும் ஆல்பர்ட் ஷ்வைட்சரின் நினைவு வந்திருக்காது.

அதே 1997-ல்தான் அந்த மாஸ்கோ பயணம். முதல் பகுதியைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக: அதிபர் ஷிராக்கோடு ரஷ்யா போன ஷ்வைட்சர், லாடா கார்கள் ஆறாயிரம் டாலருக்கு மளமளவென்று விற்பதைப் பார்த்தார். லாடா வேறொன்றுமில்லை; 1966-ல் இத்தாலியில் பிறந்த ஃபியட் 124-ன் ரஷ்யப் பிள்ளை. அதன் அருகே ரெனோவின் கார்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலையில் கேட்பாரில்லாமல் நின்றன. முப்பது ஆண்டுகளில் தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது என்கிறோம். அந்த வளர்ச்சியை வைத்துக்கொண்டு ஆறாயிரம் டாலருக்கு ஒரு நல்ல காரைச் செய்யத் தெரியவில்லையென்றால் அது என்ன வளர்ச்சி? இதுதான் அவரை உறுத்தியது.

ஊர் திரும்பியதும் அவர் போட்ட உத்தரவு ஒரு தாளில் அடங்கும். விலை ஆறாயிரம் டாலரைத் தாண்டக் கூடாது (பின்னால் யூரோ புழக்கத்துக்கு வந்ததும் இதுவே ஐயாயிரம் யூரோ ஆயிற்று). கார் நம்பி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். காலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பேசிக்கொள்ளலாம்.

அந்த ‘மற்றதெல்லாம்’ என்ன என்பதுதான் இந்த வாரக் கதை.

*

பாரிஸுக்கு மேற்கே கியான்கூரில் ரெனோவின் டெக்னோசென்டர் 1998-ல் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். ஒவ்வொரு புது மாடலும் போன மாடலைவிடக் கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் அமைதியாக, கொஞ்சம் விலை கூடியதாக வர வேண்டும் என்று பழகியவர்கள். அவர்களிடம் போய்ப் பாதி விலையில் கார் கேட்டால் என்ன சொல்வார்கள்? நடக்காது என்றுதான் வீட்டுக்குள்ளேயே பலர் நினைத்தார்கள்.

நடப்பதற்கு ஒரு வழி உலகம் முழுக்க ஏற்கெனவே இருந்தது. ஐரோப்பாவில் ஓய்வு பெற்ற காரின் அச்சுகளையும் இயந்திரங்களையும் கப்பலேற்றி ஏழை நாட்டுக்கு அனுப்பிவிடுவது. அது நமக்கு ஒன்றும் புதிதில்லை. கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அம்பாசடர் ஆயிற்று. மும்பை குர்லாவில் ஃபியட் 1100 பிரீமியர் பத்மினி ஆயிற்று. வண்டலூரில் டிரையம்ஃப் ஹெரால்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. நைஜீரியாவின் கடுனாவில் பெஷோ 504. ருமேனியாவின் மியோவேனியிலும் இதே கதைதான். 1968-ல் ரெனோ 8-ஐ டாச்சியா 1100 என்ற பெயரில் தொடங்கினார்கள்; முதல் காரை நாட்டை ஆண்ட சௌசெஸ்குவுக்கே கொடுத்தார்கள். மறுவருடம் ரெனோ 12-ன் உரிமத்தில் டாச்சியா 1300. பாரிஸில் ரெனோ 12 அறிமுகமான அதே 1969-ல் இங்கேயும் அது வந்தது. அந்த ஒரு வருடம் ருமேனியா உலகத்தோடு சமமாக நின்றது. பிறகு பிரான்ஸ் ரெனோ 12-ஐ நிறுத்தியது, அடுத்தது வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மியோவேனியில் 1300 மட்டும் நிற்கவில்லை. சௌசெஸ்கு வீழ்ந்தார், கம்யூனிஸ்ட் ஆட்சி போயிற்று, 1300 ஓடிக்கொண்டே இருந்தது.

ஆகவே பழைய கிளியோவையோ பழைய ரெனோ 19-ஐயோ தூசு தட்டி மியோவேனியில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும்.

இங்கேதான் ஒரு கணக்கு இடிக்கிறது. பழைய கார் மலிவான கார் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அது மேற்கு ஐரோப்பாவின் தானியங்கி இயந்திரங்களையும் சம்பளத்தையும் மனதில் வைத்து வரைந்த கார். அதன் பாகங்கள் ஏராளம். ஒவ்வொன்றையும் கோக்க நேரம் ஆகும். பத்து வருடம் முன்பு ஒரு பொறியாளர் அழகுக்காகப் போட்ட வளைவுக்கு இன்றைக்கும் காசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிலிருந்து ரேடியோவைக் கழற்றலாம், கார்ப்பெட்டைக் கிழிக்கலாம். தகரத்துக்குள் புதைந்துபோன செலவைக் கழற்ற முடியாது. பட்டுப்புடவையை வெட்டிப் பாவாடை தைத்தாலும் நெசவுக்கூலி பட்டுக்குக் கொடுத்ததுதான்.

புதிதாக வரைந்தால் மட்டுமே விலை குறையும். கேட்க முரணாக இருக்கிறது, ஆனால் அதுதான் முடிவாயிற்று. காரின் சங்கேத எண் எக்ஸ்90. பொறியியல் பக்கத்தை நடத்தியவர் கென்னத் மெல்வில் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பிரெஞ்சுக் கம்பெனியில் பிரிட்டிஷ்காரரின் கையில் ருமேனியக் கார்!

*

வழக்கமாக ஒரு காரை முதலில் வரைவார்கள். பிறகு செலவைக் கூட்டுவார்கள். பிறகு லாபத்தைச் சேர்த்து விலை சொல்வார்கள். எக்ஸ்90-ல் தலைகீழ். ஐயாயிரம் யூரோவிலிருந்து டீலர் பங்கு, போக்குவரத்து, லாபம் எல்லாவற்றையும் கழித்து, மிச்சம் இருந்ததைப் பாகம் பாகமாகப் பிரித்தார்கள். கதவுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு. தன் பங்கைத் தாண்டுபவர் இன்னொருவர் பங்கில் கைவைக்க வேண்டும். நடுத்தரக் குடும்பத்தில் மாதச் சம்பளம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறையை விளக்க வேண்டியதில்லை.

சைடு மிரரில் தொடங்குவோம், ஏனென்றால் இந்தக் காரின் முழுச் சுபாவமும் அதில் இருக்கிறது. எந்தக் காரிலும் இடது மிரரும் வலது மிரரும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றின் எதிர்ப்பிம்பம். அதனால் இரண்டு மோல்டு, இரண்டு பாக எண், கிடங்கில் இரண்டு அடுக்கு. பிளாஸ்டிக் பாகத்தில் பிளாஸ்டிக்கின் விலை சொற்பம். அதை வார்க்கும் எஃகு மோல்டின் விலைதான் ஆளை விழுங்கும். இந்தக் காரில் மிரரை மேலும் கீழும் ஒரே வடிவமாக வரைந்துவிட்டார்கள். திருப்பி மாட்டினால் அதுவே அடுத்த பக்கத்துக்கு. மோல்டு ஒன்று போதும். இடதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கும் அதே மிரர். அழகாக இருந்ததா? இல்லை. சற்றே காது விறைத்த மாதிரி இருந்தது. காருக்குள் உட்கார்ந்து பின்னால் வரும் லாரியைப் பார்ப்பவருக்கு அது தெரியப்போவதில்லை.

கதவு ஓரமாக ஓடும் ரப்பர் பட்டையும் அப்படியே, இருபக்கமும் பொருந்தும்.

முன்கண்ணாடி இன்னும் சுவாரசியம். தொண்ணூறுகளில் கார்களின் முன்கண்ணாடி படுத்துக்கொண்டே போனது, வளைந்துகொண்டே போனது. காற்று வழுக்கிப் போகும், பார்க்கவும் வேகமாக இருக்கும். ஆனால் கண்ணாடியை வளைக்க வளைக்கச் செலவு கூடும், கழிவும் கூடும். அது படுக்கப் படுக்க டாஷ்போர்டு முன்னால் நீளும். அத்தனைக்கும் பிளாஸ்டிக் வேண்டும். வெயில் நாட்டில் அந்த அகலக் கண்ணாடி வழியே உச்சி வெயில் உள்ளே இறங்கும். எக்ஸ்90-ன் கண்ணாடியை வளைவு குறைத்து வைத்தார்கள். காரின் தோற்றம் பத்து வருடம் பின்னால் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ‘டிசைனே இல்லாத டிசைன்’ என்று சிரித்தவர்கள், ஒவ்வொரு நேர்கோட்டுக்கும் பின்னால் ஒரு கூட்டல் கழித்தல் இருப்பதைக் கவனிக்கவில்லை.

டாஷ்போர்டு ஒரே வார்ப்பு. மற்ற கார்களில் அது பல துண்டுகளைக் கிளிப்பில் கோத்தது. இரண்டு வருடம் மேடுபள்ளத்தில் ஓடினால் கிறீச்சிடும். ஒரே துண்டாக வார்த்தால் கோப்பவரின் கூலி மிச்சம், கிறீச்சும் மிச்சம். கையால் தட்டிப் பார்த்தால் பக்கெட் பிளாஸ்டிக் போலத்தான் இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஹாரன் ஸ்டீயரிங் நடுவில் இல்லாமல் இண்டிகேட்டர் தண்டின் நுனிக்குப் போனது. ஹாரன் அடிக்காமல் தெருமுனை திரும்பாத நம் ஊருக்கு இது எப்படிப் பொருந்தியது என்பது தனிக் கதை. கார் இந்தியா வரும் பகுதியில் பார்ப்போம்.

கீழ்விலை மாடலில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஏசி கிடையாது. ரேடியோ கிடையாது. ஜன்னலைக் கைப்பிடி சுற்றி இறக்க வேண்டும். பம்பருக்குப் பெயின்ட் இல்லை, கறுப்புப் பிளாஸ்டிக் அப்படியே. வேண்டுபவர் காசு கொடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கேட்கலாம்: இதிலென்ன சாமர்த்தியம், எல்லாவற்றையும் பிடுங்கினால் யாரும் விலை குறைக்கலாமே?

குறைக்காமல் விட்டது என்ன என்று பாருங்கள்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,630 மில்லிமீட்டர். அந்தக் காலத்து டொயோட்டா கொரோலாவில்கூட அது 2,600-தான். காரின் மொத்த நீளம் நாலேகால் மீட்டர். உயரம் 1,525 மில்லிமீட்டர், ஒரு செடானுக்கு நல்ல உயரம். வேட்டி கட்டிய பெரியவர் குனியாமல் ஏறலாம். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரலாம். டிக்கி 510 லிட்டர். பிற்காலத்தில் நான்கு மீட்டருக்குள் சுருக்கப்பட்ட 2012-ம் வருட டிசையரின் டிக்கி 316 லிட்டர்தான். (அந்தச் சுருக்கலுக்குக் காரணம் சிவகங்கைச் சீமைக்காரர் ஒருவர் டெல்லியில் வாசித்த பட்ஜெட். அவசரம் வேண்டாம், அந்தப் பகுதியும் வரும்.) வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் 155 மில்லிமீட்டர் இடைவெளி. சஸ்பென்ஷன் குழி விழுந்த சாலையை மனதில் வைத்துப் பலப்படுத்தப்பட்டது.

எஞ்சின் 1.4 லிட்டரில் 75 குதிரைசக்தி, 1.6 லிட்டரில் 90. சிலிண்டருக்கு இரண்டே வால்வு. ஐரோப்பாவில் நாலு வால்வு வந்து நாளாகிவிட்டது. ஆனால் இந்த எஞ்சின்கள் ரெனோவின் மற்ற கார்களில் லட்சக்கணக்கில் ஓடிப் பழகியவை. சுமாரான பெட்ரோலைச் சகித்துக்கொள்ளும், கிராமத்து மெக்கானிக்கும் கை வைக்கலாம். அடித்தளத்துக்கு பி-ஜீரோ என்று பெயர்; 1999 மார்ச்சில் ரெனோவோடு கைகோத்த நிஸானும் சேர்ந்து பயன்படுத்திய சின்னக் கார் தளத்திலிருந்து இழுத்து நீட்டியது. இதே பி-ஜீரோவின் மேல்தான் 2012-ல் நம் ஒரகடத்தில் டஸ்டர் ஏறியது. படப்பை பக்கம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்புகிறவர்களில் சிலர் இந்தக் கதைக்குள் இருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

ஷ்வைட்சரின் தாளை இப்போது மறுபடி படித்தால் அதன் கெட்டிக்காரத்தனம் புரியும். அவர் ‘மலிவான கார்’ கேட்கவில்லை. லாடா வாங்கும் குடும்பத்துக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாத்தா பாட்டி உட்பட ஐந்து பேர், ஊருக்குப் போகும்போது மூட்டை முடிச்சு, வழியில் நின்றுவிடாத எஞ்சின். மிரர் அழகு அவர்கள் பட்டியலில் இல்லை. பணக்காரருக்கு வரைந்த காரிலிருந்து குறைத்துக்கொண்டே வந்தால் முதலில் அடிபடுவது டிக்கியும் பின்சீட்டும்தான்; சின்னக் காராக ஆகிவிடும். இங்கே இடத்தைத் தொடாமல் பகட்டை மட்டும் தொட்டார்கள். நம் ஊரில் ஏசி, அலாய் வீல், தொடுதிரை எல்லாம் கொடுத்துப் பின்சீட்டில் முழங்கால் இடிக்க விடும் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெல்வில்லின் நினைவு வரும்.

இன்னொரு துணிச்சல். புதுக் காருக்குப் பல மாதிரி வண்டிகளைக் கையால் செய்து, ஓட்டி, உடைத்து, திருத்துவது வழக்கம். ஒவ்வொன்றும் பெரும் செலவு. எக்ஸ்90-ல் அந்தப் படியைத் தாண்டி, கம்ப்யூட்டர் திரையிலிருந்து நேராக உற்பத்தி டைகளுக்குப் போனார்கள். திரையில் தப்பித்த ஒரு பிழை எஃகில் வந்து உட்கார்ந்தால் திருத்துவது சாமானியமில்லை. அந்த டைகள் போய்ச் சேர வேண்டிய இடமோ, மியோவேனி.

*

அங்கே நிலைமை என்ன?

1999-ல் மியோவேனியில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். சோஷலிச நாட்டுத் தொழிற்சாலைகளின் வழக்கப்படி, வெளியே யாரையும் நம்ப முடியாததால் காரின் பெரும்பகுதியை உள்ளேயே செய்துகொண்டார்கள். உதிரிபாகத்துக்குத் தட்டுப்பாடு, தரத்துக்கு உத்தரவாதமில்லை. ஆனால் அவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: எந்த நிலைமையிலும் வரிசையை ஓட்டிக் காரை வெளியே தள்ளுவது.

ரெனோ புதுக் காரை உடனே அங்கே கொண்டுபோகவில்லை. இரண்டு ஒத்திகை நடத்தியது. 2000-ல் டாச்சியாவின் பழைய நோவா உடம்புக்குள் ரெனோ எஞ்சினை வைத்து சூப்பர்நோவா. 2003-ல் அதையே திருத்தி சொலென்ஸா. இரண்டும் உலகம் நினைவில் வைத்திருக்கும் கார்கள் அல்ல. தொழிலாளர்களும் பாகம் சப்ளை செய்பவர்களும் ரெனோவின் தரக் கணக்குக்குப் பழக அவை பள்ளிக்கூடமாக இருந்தன, அவ்வளவே. சப்ளையர்களை ஆலைக்குப் பக்கத்திலேயே வந்து கடைபோடச் செய்தார்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் இடமில்லை. ஐந்து வருடத்தில் ஆள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. மலிவான காரைப் பற்றிப் பேசும்போது இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவது வசதி. மியோவேனி போன்ற, ஆலையை விட்டால் வேறு பிழைப்பில்லாத ஊரில் பாதிப்பேர் வெளியே வருவது என்றால் என்ன என்று பஞ்சாலை மூடிய கோயம்புத்தூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். உள்ளே மிஞ்சியவர்களின் சம்பளம் பிரெஞ்சுத் தொழிலாளியின் சம்பளத்தில் சிறு பகுதி. அதனால் வெல்டிங்கையும் கோப்பதையும் ரோபோவிடம் கொடுப்பதைவிட மனிதக் கையிடம் கொடுப்பதே மலிவு என்று கணக்கு சொன்னது. பிரான்ஸில் எந்திரக் கைகள் செய்ததை மியோவேனியில் மனிதர்கள் செய்தார்கள். அந்த ஐயாயிரம் யூரோவுக்குள் ஒரே மோல்டு மிரரின் பங்கும் இருக்கிறது, இவர்களுடைய பங்கும் இருக்கிறது. எது பெரியது என்ற வழக்கு 2008-ல் ஆலை வாசலிலேயே நடந்தது. அதற்கு இன்னும் சில வாரம் இருக்கிறது.

2004 ஜூன் 2-ல் கார் உலகத்துக்குக் காட்டப்பட்டது. பெயர் லோகன். அடுத்த மாதமே, ஜூலையில், 1300 வம்சத்தின் கடைசி செடான் மியோவேனி வரிசையிலிருந்து இறங்கியது; அதற்குள் ஏறத்தாழ 20 லட்சம் வண்டிகள் பிறந்திருந்தன. முப்பத்தைந்து வருடம் ஒரே காரைப் பார்த்த தொழிலாளர்கள், செப்டம்பரில் ருமேனியக் கடைகளுக்கு லோகனை அனுப்பினார்கள். வரி நீங்கலாக விலை ஐயாயிரம் யூரோ. ஷ்வைட்சர் வென்றுவிட்டார்.

வென்றாரா?

*

ரெனோவின் திட்டத்தில் ஒரு கோடு தெளிவாகப் போடப்பட்டிருந்தது. லோகன் கிழக்கு ஐரோப்பா, ரஷ்யா, மொராக்கோ, ஈரான், கொலம்பியா, இந்தியா போன்ற நாடுகளுக்கு. பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் இல்லை. பாரிஸ்காரன் பெயின்ட் அடிக்காத பம்பரை வாங்குவானா? வாங்கினாலும் ஆபத்து, நம் கிளியோவையே அல்லவா வாங்காமல் விடுவான்?

அவர்கள் எதிர்பார்க்காதது நடந்தது. பாரிஸிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஓய்வூதியக்காரர்கள், பெரிய குடும்பக்காரர்கள், ஒவ்வொரு முறையும் பழைய காரே வாங்கிச் சலித்தவர்கள். புதுக் கார், பெரிய டிக்கி, பழைய காரின் விலை. சில வியாபாரிகள் ருமேனியாவில் வாங்கி எல்லை தாண்டி ஓட்டிவந்து விற்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ரெனோ வேறு வழியில்லாமல் தான் போட்ட கோட்டைத் தானே அழித்தது. 2005 கோடையில் லோகன் பிரான்ஸில் சுமார் 7,500 யூரோவுக்கு வந்தது. ஜெர்மனியிலும் கடை திறக்கத் தயாரானார்கள்.

ஜெர்மனி என்றால் ஏடிஏசி. ஒன்றரைக் கோடிக்கும் மேல் உறுப்பினர்கள் கொண்ட வாகன ஓட்டிகள் சங்கம். அது ஒரு காரை நல்லதென்றால் நல்லது, கெட்டதென்றால் கெட்டது. அவர்களுடைய சோதனைகளில் ஒன்று, ஓடும் வேகத்தில் திடீரென்று குறுக்கே ஏதோ வந்ததுபோல் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் வெட்டி உடனே மறுபக்கம் வெட்டுவது.

இந்த வெட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஷ்வைட்சர் மாஸ்கோ போன அதே 1997-ல் ஸ்வீடனில் பத்திரிகையாளர்கள் மெர்சிடஸின் புத்தம் புது ஏ-கிளாஸை இப்படி வெட்டினார்கள், கார் உருண்டது. மெர்சிடஸ் விற்பனையை நிறுத்தி, விற்றதைத் திரும்பப் பெற்று, எல்லாக் கார்களிலும் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியைப் பொருத்தித் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. மெர்சிடஸால் முடிந்தது. லோகனில் அந்தக் கருவி கிடையாது. அதைப் பொருத்தும் செலவுக்கு ஐயாயிரம் யூரோவில் எந்தப் பாகத்தின் பங்கிலும் இடம் கிடையாது. பொருத்தினால் கணக்கு உடையும்; பொருத்தாவிட்டால் கார் உடையும்.

2005-ல் ஏடிஏசியின் சோதனைத் தளத்தில் ஒரு லோகன் வேகமெடுத்தது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வெட்டினார். திருப்பி வெட்டினார். லோகன் கூரை கீழாகக் கவிழ்ந்தது.

ஜெர்மனி முழுக்கச் செய்தி பரவியது. மலிவுக்குக் கொடுத்த விலை இதுதான் என்று எழுதுவதற்குக் காத்திருந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஏழு வருட உழைப்பு ஒரே நாளில் தலைகுப்புற விழுந்து கிடந்தது.

ஆனால் அந்த வண்டியை நன்றாகப் பாருங்கள். சஸ்பென்ஷனை விடுங்கள், எடையை விடுங்கள், மெல்வில் வரைந்த எதையும் விடுங்கள். அதன் டயர்களைப் பாருங்கள். அந்த டயர்கள் அதற்கு முன்னால் என்னென்ன சோதனைகளைத் தாங்கியிருந்தன?

(தொடரும்)